மோட்டாருக்குப் பின்னால் போன சபை

ஈப்போ ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது என்னை அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து ஒருத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள், மூன்று நாள் கூட்டத்தில் பேசப் போகிறாள், மாலை மரியாதை வேண்டாம், ஒரு ஆளாவது வர வேண்டாமா என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் கன்வென்ஷனுக்கு வருகிற பிரசங்கியாரை அழைக்க நான்கு கார் போகும். அவர் யார் காரில் ஏறுவது என்று ஒரு சண்டையும் நடக்கும். இங்கே நானும் என் பெட்டியும் ஒன்றேகால் மணி நேரம் ஒரு தூணோரமாக நின்றோம்.

பிறகு ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடிவந்தவர்தான் பாஸ்டர் சாமுவேல். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கை வரைக்கும் கிரீஸ் கறை. வயிற்றுப்பாட்டுக்கு ஏர்கான் பழுதுபார்க்கிறார், சபையிடம் சம்பளம் வாங்குவதில்லை.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். இன்னிக்கு செவ்வாக்கெழமைலா. டயாலிசிஸ் ஆளுங்கள வீட்டுல எறக்கிட்டு வர லேட்டாயிருச்சு."

பேச்சுக்கு வால் மாதிரி ஒட்டும் அந்த லா இந்த ஊர் வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன், ஆனால் செவ்வாய்க்கிழமையில் என்ன விசேஷம் என்று எனக்குப் புரியவில்லை. கோபத்தில் கேட்கவும் இல்லை. வேனுக்குள் தைல வாசனை அடித்தது. பின் இருக்கைகளில் தலையணையும் கம்பளியும் கிடந்தன.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பது வருடம் வடஇந்தியாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு எங்கள் சபையின் அருட்பணிக் குழுவுக்கு நான்தான் செயலாளர். சபை என்பது ஞாயிற்றுக்கிழமை கூடிக் கலைகிற கூட்டமல்ல, அனுப்பப்பட்ட கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பேசுவேன். அதைப் பேசத்தான் இங்கேயும் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று செய்திகளை எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

சபை இருப்பது ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று முகத்துக்கு நேரே நிற்கிறது. கோபுரம் கிடையாது, மணி கிடையாது. எங்கள் ஊர்க் கோயிலில் கட்டடத்துக்குக் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்திருப்போம். இங்கே அந்த இடத்தில் ஒரு அட்டை தொங்கியது. செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் வண்டி ஓட்டுகிறவர் பெயர், கூடப் போகிறவர் பெயர், ஏற்ற வேண்டியவர்கள் பெயர். ஏற்ற வேண்டியவர்களில் ஒருவர்கூட சபையார் இல்லை.

புதன்கிழமை பாஸ்டரின் மனைவி ரூபி என்னை ஊர் சுற்றிக் காட்டினார். காலையில் ஒரு முஸ்லிம் அண்ணன் கடையில் ரொட்டி சானாய். நம் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, ஆனால் அக்காவை விட இளைத்தவள், மொறுமொறுப்பானவள். கடைக்காரர் வந்ததும் வராததுமாக "தண்ணி?" என்றார். நான் சொம்பைத் தேடினேன். குடிக்க டீயா காப்பியா என்று கேட்பதற்கு இங்கே அப்படித்தான் கேட்பார்களாம். மத்தியானம் சீனர் கடையில் வேகவைத்த கோழியும் குண்டு குண்டாகப் பயறு முளையும். காரமே இல்லை. திருநெல்வேலிக்காரிக்கு அது பத்தியச் சாப்பாடு மாதிரி இருந்தது, ஆனாலும் இரண்டாவது தட்டு வாங்கினேன்.

அன்று சாயங்காலம்தான் பாஸ்டர் வண்டிக்கான சட்டத்தைச் சொன்னார். "நாளைக்கு நீங்களும் வண்டியில வாங்க சிஸ்டர். ஒண்ணே ஒண்ணு. வண்டியில ஏசப்பா பத்தி நாங்களா பேசறதில்ல. அவங்களா கேட்டா பேசுவோம்."

"இதுவரைக்கும் எத்தனை பேர் கேட்டிருக்காங்க?" என்றேன்.

அவர் யோசித்தார். "மூணு வருசத்துல ஒருத்தரு கேட்டாரு. அவரும் ஏர்கான் பத்தித்தான் கேட்டாரு."

ரூபி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குப் பெயர் அருட்பணியா, பயமா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இந்தச் சபைக்கு நான் வந்தது நல்லதற்குத்தான் என்றும் நினைத்தேன்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். லகாட் என்ற சிற்றூரைத் தாண்டி ஒரு செம்மண் பாதை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் போகிறது. முன்பு பால்மரத் தோட்டம், அதாவது ரப்பர். மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தபோது ஆட்களும் கலைந்து போனார்கள். மிச்சமிருப்பது ஒரு லயத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஐந்து வீடும் பாதை முனையில் ஒரு முனீஸ்வரன் கோயிலும்தான். கடைசி வீட்டு வாசலில் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லெட்சுமி அக்கா நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் வெட்டியவர், மரத்தைக் கீறி ரப்பர் பால் எடுப்பதை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்.

"சிஸ்டர் தமிழ்நாடா? எங்க தாத்தா ஊரு சேலம் பக்கம்னு சொல்வாங்க. நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் பையிலிருந்த முறுக்கு என் கைக்கு வந்துவிட்டது. திரும்பும் வழியில் லகாட்டில் ஆ சோங் என்கிற சீனப் பெரியவர் ஏறினார், அவருக்கும் டயாலிசிஸ்தான். தோட்டத்தில் லாரி ஓட்டியவராம், தமிழ் பேசுகிறார். "அம்மா சாப்டியா?" என்று என்னைக் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் தூங்கிவிட்டார்.

ஈப்போவில் இருந்த மையத்தில் டயாலிசிஸ் நாலு மணி நேரம். பதினொன்றுக்குத் தொடங்கி மூன்றுக்கு முடியும். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் அங்கிருந்த நர்ஸ் பிள்ளைகள் உள்ளே விட்டார்கள். லெட்சுமி அக்காவின் இடது கையில் இரண்டு ஊசி குத்தி இயந்திரத்தோடு மாட்டினார்கள். பாஸ்டர் யாரோ வீட்டு ஏர்கானைப் பார்க்கப் போய்விட்டார். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் கதைகள் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டார், சிரித்தார். இவ்வளவு நல்ல மனுஷியை மூன்று வருடமாக வெறுமனே ஏற்றி இறக்கியிருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

எழுந்து அவர் தலையில் கை வைத்தேன். வாய்விட்டு ஜெபித்தேன். இந்த மகளை இருளிலிருந்து வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும், விக்கிரகங்களிலிருந்து விடுதலையாக்கும் என்று பக்கத்துப் படுக்கைகளுக்கும் கேட்கிற மாதிரி ஜெபித்தேன். முப்பது வருடப் பழக்கம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் அவர் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்டரின் போனுக்கு லெட்சுமி அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்தே அதைப் போட்டார்.

"பாஸ்டர், நாளையிலேர்ந்து வண்டி வேணாம். இவரு மோட்டார்லயே போயிக்கிறோம். ஒண்ணும் நெனச்சிக்காதீங்க. தேங்ஸ்லா."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். "நேத்து என்ன நடந்துச்சு சிஸ்டர்?"

சொன்னேன்.  அவர் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினார். ரூபிதான் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் டயாலிசிஸ் முடிந்து கணவரின் மோட்டார் சைக்கிளில் போகும்போது மயங்கி, சிக்னலில் நடுரோட்டில் லெட்சுமி அக்கா விழுந்திருக்கிறார். பின்னால் ஏர்கான் சாமான்களோடு வந்துகொண்டிருந்தவர் பாஸ்டர். "அன்னிக்கு ஏத்திக்கிட்டுப் போயி வீட்டுல விட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு அவங்களுக்கு மறுபடியும் போவணும்லா. அப்படியே ஆரம்பிச்சதுதான்."

அவர் கணவர் மணியம் ஒரு தொழிற்சாலையில் இரவு ஜாகா, அதாவது காவல்காரர். விடிய விடிய விழித்திருக்கிற மனிதர். இரத்தத்திலிருந்து நீரை இழுத்தெடுத்த கையோடு, பிரஷர் இறங்கிப்போன உடம்பை, தூக்கக் கண்ணோடு இருக்கிற ஒருவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து நாற்பது நிமிடம் கொண்டுபோவது என்றால் என்ன என்று மற்ற யாரையும்விட எனக்குத் தெரியும். அடுத்த முறை அக்கா விழும்போது பின்னால் என்ன வண்டி வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான்.

அன்று இரவு ஏழரைக்குக் கூட்டம். சபை தன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டும் என்பது என் முதல் செய்தி. எதிரே நாற்பது பேர். அந்த அட்டையில் வண்டி ஓட்டுகிறவர், கூடப் போகிறவர் என்று பார்த்த பெயர்கள் எல்லாம் முகங்களாக உட்கார்ந்திருந்தன. மரியாதையாகக் கேட்டார்கள். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பாஸ்டர் வழக்கம்போல வேனை எடுத்தார். "வேணாம்னு சொல்லிட்டாங்களே" என்றேன்.

"வண்டியில ஏற வேணாம்னாங்க. ரோட்டுல வரக்கூடாதுன்னு சொல்லலியே."

தோட்டத்தில் எவ்வளவு நேரமாகுமோ என்று ஆ சோங்கைப் போகும்போதே ஏற்றிக்கொண்டோம். செம்மண் பாதைக்குள் திரும்பவும், எதிரே அந்த மோட்டார் சைக்கிள் வரவும் சரியாக இருந்தது. மணியம் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அக்கா பார்க்கவே இல்லை. பாஸ்டர் வண்டியைத் திருப்பி, இருபது அடி தள்ளி அவர்களுக்குப் பின்னாலேயே ஓட்டினார். மணியம் மெதுவாகப் போனால் நாங்களும் மெதுவாக, அவர் நின்றால் நாங்களும் நின்று. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். ஆ சோங்குக்கு விஷயம் விளங்கவில்லை. "எதுக்குடா ஆமை மாதிரி போற? எனக்கு நேரம் ஆச்சு" என்று பாஸ்டரை அதட்டினார். ஊர்வலத்தில் கடைசியாகப் போகும் காவல்துறை ஜீப் மாதிரி அன்று ஈப்போவுக்குள் நுழைந்தோம்.

நான் உள்ளே போகவில்லை, வாசலிலேயே இருந்தேன். மணியம் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் கவிழ்ந்து, நாலு மணி நேரமும் அப்படியே தூங்கினார். அவருக்குக் காப்பி வாங்கி வந்து வைத்தேன். ஆறிப்போனது.

மூன்று மணிக்கு மேல் அக்காவை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பினார், நாங்களும் ஆ சோங்கோடு பின்னால். ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழைக்குத் தூறல் கீறல் என்ற முன்னுரை எல்லாம் கிடையாது. மோட்டார்க்காரர்கள் எல்லோரும் ஒரு மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கினார்கள். மணியமும் நிறுத்தினார். அக்கா இறங்கினார், இரண்டடி நடந்தார், அப்படியே ஓரத்துக் கட்டையில் சரிந்து உட்கார்ந்தார்.

நான் மழையில் ஓடினேன். உதடு வெளுத்திருந்தது, நாடி நூலாக ஓடியது. படுக்க வைத்துக் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். சிறிது நேரத்தில் முகத்தில் நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து, என் மடியில் தன் கால் இருப்பதைப் பார்த்துவிட்டு இழுக்கப் பார்த்தார். விடவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் மெதுவாகப் பேசினார். "கையில ரெண்டு ஊசி சிஸ்டர். எந்திரிச்சிப் போவ முடியாது. அப்பப் பாத்து செஞ்சீங்க. என் நெத்தித் துன்னூறு ஒங்க கையில ஒட்டிக்கிச்சு. டிஷ்யூவுல தொடச்சீங்க. நான் பாத்தேன்."

துடைத்தது எனக்கு நினைவே இல்லை. துடைத்திருப்பேன்.

"மூணு வருசமா இந்த வண்டியில ஏறினேன். எங்க சொந்தக்காரங்ககூட இப்படி பாக்கல. இப்ப, எல்லாம் இதுக்குத்தானான்னு ஆயிருச்சு. அதான் எனக்கு சூசா. வண்டி போனது சூசா இல்ல." சூசா என்றால் இங்கே துன்பம்.

என் மிஷன் ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் கண்முன் வந்து நின்றது. முப்பது வருடத்தில் நான் தலையில் கை வைத்து ஜெபித்த ஒவ்வொருவரும் படுத்திருந்தவர்கள். யாருமே வேண்டாம் என்று சொன்னதில்லை என்று பெருமையாகச் சாட்சி சொல்லியிருக்கிறேன். எழுந்து போக முடிந்த ஒருவரிடம் நான் கேட்டுப் பார்த்ததே இல்லை.

பாஸ்டர் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். "நான் சாவுற வரைக்கும் ஒங்க சபைக்கு வரப் போறதில்ல பாஸ்டர். எனக்கு எங்க கோயில் முனியாண்டி இருக்கு. அப்பயும் இந்த வண்டி வருமா?"

பாஸ்டர் வாயைத் திறந்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "நீங்க இல்ல. அவங்க சொல்லட்டும்."

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். அது எனக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்று இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டே வாழ்ந்தவள் நான். இயேசு இந்த அக்காவுக்கும் வேண்டும் என்று அந்தப் பாலத்துக்கு அடியிலும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டது அதையல்ல. கடைசி வரைக்கும் ஒன்றுமே திரும்பி வராவிட்டாலும் வருவீர்களா என்று கேட்டார். ஆண்டவரிடத்தில் நான் இத்தனை வருடமாகக் கேட்டு, ஆமாம் என்று பதில் வாங்கிக்கொண்ட அதே கேள்வி அது.

"வரும்க்கா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மணியத்திடம், "தலகாணிய எடுத்து வண்டியில போடுங்க" என்றார். அன்று வேன் முன்னால் போனது. மணியம் நனைந்துகொண்டே பின்னால் வந்தார்.

அன்று இரவுக் கூட்டத்தில் இரண்டாவது செய்தியை யாரோ எழுதியதைப் போல வாசித்து முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவதை எடுக்கவே இல்லை. நடந்ததை அப்படியே சபைக்குச் சொன்னேன். திருநீற்றைத் துடைத்ததையும் சொன்னேன். பிறகு பின் வரிசையிலிருந்து, பள்ளி பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணன் எழுந்தார்.

"தாபா லா சிஸ்டர், பரவால்ல. மொத வருசம் நானும் ஆ சோங்குக்கு ஒரு துண்டுப்பிரதி குடுத்தேன். அத விரிச்சு வச்சு மீன் முள்ள துப்பினாரு. அதுக்கப்புறந்தான் அந்தச் சட்டம் போட்டோம்."

சபை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சாப்பாட்டு வேளையில் பாஸ்டரிடம் கேட்டேன். "அப்போ சாட்சி சொல்றது எப்படி பாஸ்டர்? போய்ச் சொல்லுங்கன்னு ஆண்டவரோட கட்டளை இருக்கே."

அவர் கோழிக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். "எனக்கும் முழுசா தெரியல சிஸ்டர். ராத்திரி படுக்கும்போது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். காலைல எந்திரிச்சா வண்டி எடுக்கணும்ங்கறது மட்டும் தெரியுது."



புதன்கிழமை எனக்கு விமானம். செவ்வாய் காலை அட்டையில் கூடப் போகிறவர் என்ற இடத்தில் ரூபி என் பெயரை எழுதியிருந்தார். லெட்சுமி அக்கா வாசலிலேயே நின்றார். முறுக்கு இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் தலையணையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

மையத்தில் நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து நர்ஸ் பிள்ளை வந்தாள். "லெட்சுமி ஆன்டி ஒங்கள உள்ள வரச் சொல்றாங்க."

போனேன். அவர் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். "குளுருது. இந்தக் கைய கொஞ்சம் புடிங்க" என்று ஊசி இல்லாத கையை நீட்டினார். ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். பால்மரம் வெட்டிய கை, உள்ளங்கை இன்னமும் காய்ப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஜெபம் வாய்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"சொல்லுங்கக்கா."

"ஜெபம் பண்ணணும்போல இருக்கா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்க்கா."

"பண்ணிக்குங்க. எனக்குக் கேக்காம பண்ணுங்க. நான் தூங்கணும்."

கையை இழுத்துக்கொள்ளாமலே தூங்கிப்போனார்.